அமுதவல்லிக்கு நான் போட்ட கோடு

எங்கள் வீட்டுச் சமையலுக்கு உப்பைக் கடையில்தான் வாங்குகிறோம். வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். மரக்காணத்தில் அப்பாவுக்கு அத்தனை பாத்திகள் இருக்க, அம்மா பாக்கெட் உப்புக்குக் கடைக்கு ஆள் அனுப்புவாள். பாத்தி உப்பை அப்படியே குழம்பில் போட்டால் அடியில் மண் தங்கும், வேறு காரணம் இல்லை. டீயோடு அந்த முறுக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள், மேடம். பாஸ்கல் உங்களோடு வந்தவர்களை உப்பளத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அந்த இடத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப நேரமாகும். அதற்குள் நான் சொல்லிவிடுவேன்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, பாஸ்கலின் முறைதான் எல்லோருக்கும் நியாயமானது என்று எப்படி முடிவுக்கு வந்தாய் என்று கேட்டீர்கள். பதிலும் சின்னதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன். தலைமை அலுவலகத்துக்காரரான உங்களுக்குத் தெரிந்த விஷயங்களும் நடுவில் வரும். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வருகிறது.

இந்தக் கடற்கரையில் திடீரென்று இடியும் மழையும் வருவதை இப்போதெல்லாம் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிவிட முடிகிறது. வெட்டவெளியில் நிற்கிறவர்களுக்கு அது உயிர். உப்பளத்தில் மரம் கிடையாது, சுவர் கிடையாது. காலடியில் உப்புத் தண்ணீர், அதற்கு மேல் உயர்ந்து நிற்பது ஆள் மட்டும்தான். குறுஞ்செய்தி அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. போன் அடித்துக் குரலில் சொன்னால் கேட்கிறார்கள். ஆனால் இடி வருமுன் கிடைக்கிற சொற்ப நேரத்தில் நம் அறக்கட்டளையின் இயந்திரத்தால் கொஞ்சம் பேரைத்தான் அழைக்க முடியும். மற்றவர்களுக்கு அந்தக் கொஞ்சம் பேர்தான் சொல்ல வேண்டும். யார் அந்தக் கொஞ்சம் பேர்? எங்கள் வேலை முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

வீடு வீடாகப் போய், நீங்கள் யாரோடு போனில் பேசுவீர்கள் என்று கேட்டு வைத்திருந்தோம். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள் என்றால் நடுவில் ஒரு கோடு. ஊர் மொத்தமும் புள்ளியும் கோடுமாகக் கணினிக்குள் போய்விடும். எந்தப் புள்ளியில் சேதியைப் போட்டால் அது எதுவரை ஓடும் என்று கணினி கற்றுக்கொள்ளும். அதைக் கற்றுக்கொடுக்க இரண்டு பேர் இரண்டு முறைகளைச் செய்தார்கள். ஒன்று பாஸ்கலுடையது. அது நிறையக் கோடுகள் கிளம்பும் புள்ளிகளைத் தேடிப் போகும்: உப்பள முதலாளிகள், லாரி தரகர், பெரிய கடைக்காரர்கள். சேதி சட்டென்று பரவும். இன்னொன்று வைஜெயந்தியுடையது. அவள் முறை, தன் அழைப்புகளில் ஒரு பங்கை யாரோடும் அதிகம் சேராத மூலைப் புள்ளிகளுக்கென்று ஒதுக்கி வைக்கும். மொத்தத்தில் கொஞ்சம் குறைவான பேருக்குத்தான் போகும். ஆனால் எல்லாத் தெருவுக்கும் போகும்.

இரண்டையும் அளந்து, எது நியாயமானது என்று சொல்லும் வேலை எனக்கு. செந்தமிழ் யாருக்கும் சாய மாட்டாள் என்று ஆபீசில் எல்லோருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை.

பாஸ்கலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பொம்மையார்பாளையம். அப்பா இல்லை. அம்மா அருள்மேரி பங்குக் கோயிலில் பாடல் குழுவை நடத்துகிறார். அலுவலகத்துக்கு முதல் நாள் வந்தபோது, கணினியில் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செந்தமிழ்னா உண்மையாவே பேரா? நான் ஏதோ பட்டம்னு நெனச்சேன்" என்றார். நான் முறைத்தேன். மறுநாள் ஒரு பாக்கெட் வேர்க்கடலையை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் சிரிக்கும்போது கண் முழுவதும் மூடிவிடும். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஒரு தடவை என் பிறந்தநாளுக்கு ரகசியமாக கேக் வாங்கி வந்துவிட்டு, வாசலில் எதிரே வந்த என்னிடமே, "கேக் எங்க வைக்கிறது?" என்று கேட்டவர்.

வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள், பிறகு அவர் போட்டோவைக் கேட்டாள். அப்பா சடையப்பன் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. உப்பளத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"வேற சாதி, வேற சாமி. சரி, வுடு. ஊரு நாலு நாள் பேசும், அப்புறம் அவங்கவங்க வேலையப் பாக்கப் போயிடும். ஆனா கண்ணு, வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலைக்காரனுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன். நிரந்தரம்னு ஒரு தாளு வரட்டும். அன்னிக்கே பொட்டு வச்சுக்கலாம்."

அந்தத் தாள் எதில் இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். யாருடைய முறை தேர்வாகிறதோ அவர்தான் கடற்கரை முழுவதற்கும் அதை நடத்துவார், அவருக்கு நிரந்தர வேலை என்று உங்கள் அலுவலகம்தான் சொல்லியிருந்தது. தேர்வுக்கு ஒரு நிபந்தனையும் வைத்திருந்தீர்கள். எவ்வளவு வேகமாகப் பரவினாலும், ஏதாவது ஒரு கூட்டத்தாரை விட்டுவிட்டுப் பரவினால் அந்த முறை வேண்டாம்.

நான் ஒழுங்காக அளந்தேன். முதலாளிகள், மீனவர்கள், உள்ளூர் விவசாயிகள், உப்பளத்துப் பெண்கள் என்று கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் எவ்வளவு பங்கு பேருக்குச் சேதி போகிறது என்று பார்த்தேன். கூட்டங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, கடைசியில் நிற்கிற கூட்டத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்றும் பார்த்தேன். எந்த அளவுகோலை எடுத்தாலும் ஒரே பதில்தான் வந்தது. பாஸ்கலின் முறையில் உப்பளத்துப் பெண்களுக்கு அநேகமாக ஒன்றுமே போகவில்லை. வைஜெயந்தியின் முறையில் போனது.

நான் அளவுகோலை மாற்றவில்லை. அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். சரிபார்க்க வருகிறவர்கள் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். நீங்களும் காலையிலிருந்து அதைத்தான் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏன் போகவில்லை என்று பார்த்தேன். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கோடே இல்லாத புள்ளிகள். யாரோடு பேசுவீர்கள் என்று கேட்டதற்கு, "நாங்க யாரோட பேசப் போறோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. தனித்து நிற்கிற புள்ளிகள் கணக்கைக் கெடுக்கும் என்று முதலிலேயே எடுத்துவிடுவார்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். படித்த கட்டுரைகள் பலவற்றில் அப்படித்தான் செய்திருந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் பாத்தியில் வெயிலில் நிற்கிற பெண்களை, கணக்கு அழகாக வரவேண்டும் என்று வெட்டி எறிவதா? அது அநியாயம். அதனால் மறுபடி விசாரித்து அவர்களைச் சேர்க்கலாம் என்று நானே உப்பளத்துக்குப் போனேன்.

அங்கேதான் அமுதவல்லி. எங்கள் பாத்தியில் வேலை செய்கிற பெண்களுக்கு அவள்தான் முன்னத்தி, முன்னால் நின்று நடத்துகிறவள். கூட்டமாக ரோட்டோரத்துக் கீற்றுக் கொட்டகை ஒன்றில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் குரல்தான் முதலில் வந்தது.

"வா பாப்பா. கறுத்துடப் போற. அப்புறம் அந்த பொம்மையார்பாளையத்து மாப்பிள வேணாம்னு சொல்லிடுவாரு."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"இன்னா யாரு சொன்னது? நீ வண்டில போறப்ப தனியா சிரிச்சுக்கினு போற. பைத்தியம் புடிச்சிருக்கணும், இல்லன்னா இதுவா இருக்கணும். பைத்தியமா இருந்தா உங்கப்பா ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கேட்க வந்ததைக் கேட்டேன். போன் எங்கே இருக்கும்? உப்புத் தண்ணியில் கொண்டுபோனால் செத்துவிடும் என்று எல்லோரும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்களாம். அமுதவல்லி மட்டும் ஒரு பழைய போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சாப்பாட்டுக் கூடையில் வைத்திருந்தாள். மேஸ்திரி கன்னியப்பன் கூப்பிடுவார் என்பதற்காக.

"அப்ப மேஸ்திரி உங்ககிட்ட போன்ல பேசுவாரு."

"பேசுவாரு."

"என்ன பேசுவாரு?"

அவள் சோற்றுக் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "வா-ன்னு சொல்வாரு. சீக்கிரம் வா-ன்னு சொல்வாரு. வேற இன்னா பேசுவாரு, சாப்ட்டியா கண்ணுன்னு குசலமா விசாரிப்பாரு? போ-ன்னு அவரு சொல்லி நான் கேட்டதே இல்ல பாப்பா. போறது நாங்களா பாத்துப் போறதுதான்."

நான் ஆபீசுக்குத் திரும்பினேன். முதலாளியிலிருந்து மேஸ்திரிக்கு ஒரு கோடு. மேஸ்திரியிலிருந்து அமுதவல்லிக்கு ஒரு கோடு. அமுதவல்லியிலிருந்து அவளோடு வேலை செய்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கோடு. எல்லா உப்பளத்துக்கும் இதே மாதிரி போட்டேன். பொய்க்கோடு ஒன்றுகூட இல்லை. பேசுவார்களா என்றால் பேசுவார்கள்.

மறுபடி அளந்தேன். பாஸ்கலின் முறையில் சேதி முதலாளிகளிடம் விழுந்ததும், புதுக் கோடுகள் வழியாக அப்படியே கீழே ஓடி எல்லாப் பெண்களையும் தொட்டது. இடைவெளி போன இடம் தெரியவில்லை. வைஜெயந்தியின் முறையோ அமுதவல்லியின் கூடைப் போனுக்கு நேராக ஓர் அழைப்பைச் செலவழித்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே சேதி போய்ச் சேர்கிற இடத்துக்கு எதற்கு இன்னொரு அழைப்பு? வீண் செலவு என்று கணக்கே சொன்னது. வேகத்திலும் பாஸ்கல், நியாயத்திலும் பாஸ்கல்.

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். வைஜெயந்தி மட்டும் கையைத் தூக்கினாள். அவள் அதிகம் பேசமாட்டாள், பேசினால் மேஜையைப் பார்த்துப் பேசுவாள்.

"அந்தப் புதுக் கோட்டுல என்ன சேதி போகும்னு பாத்தீங்களாக்கா? கோடு இருக்குதுன்னு மட்டும் எடுத்துக்கறோம். மழை வருதுன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா அவரு மொதல்ல உப்பத்தானே..."

நான் அவளை முடிக்கவிடவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னேன். "நான் உப்பளக்காரர் பொண்ணு வைஜெயந்தி. எங்க மேஸ்திரி எங்க ஆளுங்ககிட்ட எப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்க வேண்டியதாயிற்று. பாவம், அவள் இப்போது கீழ்புத்துப்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். எனக்குத் தெரியாதா என்று கேட்டேன் அல்லவா, அது பொய்யே இல்லை. எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். மேகம் கறுத்தால் அப்பா முதலில் தொடுவது போனைத்தான். "அம்பாரத்த மூடச் சொல்லு" என்பதுதான் முதல் வார்த்தை. அம்பாரம் என்றால் வாரிக் குவித்த உப்பு, மேடம். மழையில் நனைந்தால் ஒரு பருவத்து உழைப்பு கரைந்து கடலுக்கே போய்விடும். எல்லா முதலாளியும் அப்படித்தான். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அந்தக் கோட்டில் போகிற சேதி பாத்திக்கு உள்ளே கூப்பிடுகிற சேதி. வெளியே கூப்பிடுகிற சேதி அதில் போனதே இல்லை. அமுதவல்லி சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை. ஆனால் அவளும் சொன்னாள்.

இது பாஸ்கலுக்குத் தெரியாது. அவர் கடலோரக்காரர், உப்பளத்து நடைமுறை அவருக்குப் புதிது. நான் கோடு போட்டதைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது. "நான் விட்டுட்டவங்கள நீ சேத்துட்டே தமிழ்" என்றார். அந்த நிமிஷத்தில் அவருக்கு என் மேல் வந்த மரியாதையைப் பார்த்த பிறகு, எதையாவது எடுத்துச் சொல்ல வாய் வருமா? நீங்களும் ஒரு பெண்தானே.

நிரந்தர வேலைக்கான தாள் வந்தது. அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு பாஸ்கலும் அவர் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தை மாதத்தில் கல்யாணம், முதலில் கோயிலில் மோதிரம், பிறகு மண்டபத்தில் தாலி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா விஜயலட்சுமி மூன்றாவது தடவையாக எல்லோரையும் சாப்பிடச் சொன்னாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அப்போது அப்பாவின் போன் அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார்.

என் குரல் கேட்டது. உள்ளூர்ப் பேச்சில் இருந்தால் மக்கள் கேட்பார்கள் என்று எச்சரிக்கையை என்னை வைத்துத்தான் பதிவு செய்திருந்தார்கள். "இடி வருதுங்க. வெட்டவெளியில நிக்காதீங்க. தெரிஞ்சவங்களுக்கு உடனே சொல்லுங்க."

அருள்மேரி ஆன்ட்டி வாயில் கை வைத்துச் சிரித்தார். "இன்னாம்மா இது, மருமக வீட்டுக்குள்ள இருந்துக்கினே மாமனாருக்கு போன் பண்றா."

"ஏங்க, அவரு மாமனாரு இல்ல, அப்பா" என்றாள் அம்மா.

"பாத்தியாம்மா, சந்தோஷத்துல எனக்கு முறையே மறந்துபோச்சு."

எல்லோரும் சிரிக்கிற சத்தத்தில் அப்பா ஜன்னல் பக்கம் நகர்ந்து கன்னியப்பனைக் கூப்பிட்டார். நான் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் கேசரித் தட்டோடு நின்றிருந்தேன்.

"ஏம்பா கன்னியப்பா, மழை வருதாம். அம்பாரம் தெறந்து கெடக்குது, லாரி வேற வருது. ஆளுங்க எங்க?"

ஸ்பீக்கரில் கன்னியப்பன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "வானத்தப் பாத்துட்டு ரோட்டாண்ட ஏறிட்டாளுங்கய்யா. அமுதவல்லிதான் இட்டுக்கினு போயிட்டா."

"எறங்கி வந்து தார்பாய் போட்டுட்டுப் போச் சொல்லு. ரெண்டு கை வேலைதானே."

"சொல்லிடறேங்கய்யா."

பாஸ்கல் அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்தார். அப்பா மேஸ்திரியோடு பேசுவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. என்ன பேசினார் என்பது சிரிப்புச் சத்தத்தில் அவர் வரைக்கும் போகவில்லை. தன் முறை கண் முன்னால் வேலை செய்கிறது, முதலாளி மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டார், மேஸ்திரி அவர்களுக்குச் சொல்லிவிடுவார். கட்டை விரலைக் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டினார். கண் மூடுகிற அந்தச் சிரிப்பு.

நானும் சிரித்தேன்.

நீங்கள் கேட்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது, நானே சொல்கிறேன். அப்பாவிடம், "வேணாம்பா, அவங்க ரோட்லயே நிக்கட்டும்" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அப்பா கேட்டிருப்பார். விருந்தாளிகள் முன்னால் என் பேச்சை அவர் தட்டியதே இல்லை. கன்னியப்பன் எண் என் போனில் இருந்தது. அமுதவல்லியின் கூடைப் போன் எண்ணும் இருந்தது, நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன். ஆனால் நான் சொன்னால் பாஸ்கல் எழுந்து வந்து கேட்பார். "ஏன், வார்னிங்தானே போகுது?" என்பார். இல்லை, அந்தக் கோட்டில் போவது வேறு என்று நான் சொல்ல வேண்டும். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார். அவர் அம்மா முன்னால், தாம்பூலத் தட்டு முன்னால், அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வது? எல்லாம் நல்லபடியாகக்கூட முடியலாம். இடி எல்லாத் தடவையும் விழுவதில்லை. இரண்டு கை வேலைதான்.

"ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

"போதும்மா, எனக்கு சுகர் இருக்குது."

வைத்தேன். அவர் மறுக்காமல் சாப்பிட்டார். கன்னியப்பன் அவளைக் கூப்பிட, அவள் மற்றவர்களோடு ரோட்டிலிருந்து இறங்க, வரப்பு வழியாக அம்பாரம் வரை நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். நடந்து பழகிய வழி. அந்த நேரம் முழுவதும் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, மண்டபம் திண்டிவனத்திலா புதுச்சேரியிலா என்ற பேச்சில் கலந்துகொண்டேன். புதுச்சேரிதான் இரண்டு பக்கத்துக்கும் வசதி என்று யோசனை சொன்னேன். அப்புறம் ஜன்னல் கம்பி அதிர்கிற மாதிரி ஓர் இடி. ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா விளக்கை ஏற்றப் போனாள்.

அமுதவல்லி அம்பாரத்தின் மேல் பக்கம் ஏறித் தார்பாயின் நுனியைப் பிடித்திருந்தாளாம். கூட இருந்தவர்கள் மயங்கி விழுந்து பிழைத்துவிட்டார்கள். உப்பு ஒன்றும் நனையவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கொஞ்சம் வெட்கக்கேடானது.

நம் இயந்திரம் அன்றைக்கு ஓடியதைக் கணினியில் பார்த்தோம். அப்பாவுக்கு அழைப்பு போயிருந்தது. அப்பா மேஸ்திரியோடு பேசியதும், மேஸ்திரி அமுதவல்லியோடு பேசியதும் பிறகு விசாரித்து உறுதி செய்யப்பட்டிருந்தது. கணக்குப்படி அமுதவல்லி சேதி கிடைத்தவள். அவளோடு இருந்தவர்களும் சேதி கிடைத்தவர்கள். அந்த மாதத்து நியாய மதிப்பீட்டை நான்தான் தயாரித்தேன். முதலாளிகளுக்கு எவ்வளவு போனதோ அதே அளவு உப்பளத்துப் பெண்களுக்கும் போயிருந்தது. தொடங்கியதிலிருந்து அதுதான் எங்களுக்கு மிகச் சிறந்த மாதம். அவளை மட்டும் அதிலிருந்து எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். எடுத்தால் கேள்வி வரும். அப்படியே அனுப்பினேன். நீங்கள்கூட அதைப் பாராட்டிப் பதில் எழுதியிருந்தீர்கள்.

பாஸ்கல் அழுதார். உண்மையாகவே அழுதார். "வார்னிங் போயிருக்கு தமிழ். போயும் அவங்க கேக்கல. நாம இன்னும் அழுத்திச் சொல்லணும்" என்றார். ஊரும் அதையேதான் சொன்னது. சொல்லியும் கேட்கவில்லை, நாலு மூட்டை உப்புக்கு ஆசைப்பட்டாள் என்றார்கள். அவளுடைய உப்பா அது? பாஸ்கல் ஒவ்வோர் உப்பளமாகப் போய், "எச்சரிக்கை வந்தா தயவுசெஞ்சு கேளுங்கம்மா" என்று பெண்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். அவர்கள் அவரைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

அமுதவல்லியின் மகள் கலைமதி கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். காரியத்தன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, எங்கம்மா ரோட்டாண்ட ஏறி வந்துட்டாங்களாம். எல்லாரும் சொல்றாங்க. ரோட்டுக்கு வந்தவங்க ஏன்க்கா திரும்பி எறங்கினாங்க? உங்க ஆபீஸ்ல எல்லாம் பதிவாகும்னு சொன்னாங்களே."

"தெரியலம்மா" என்றேன். "சேதி போயிருக்கு. அது மட்டும்தான் தெரியுது."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை எடுக்கவில்லை. அந்தக் கையைத்தான் இப்போதும் எதிலும் வைக்கக் கூசுகிறது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள். வைஜெயந்தியின் முறைதான் நியாயமானது, அது எனக்கு முதல் அளவையிலேயே தெரியும். அமுதவல்லிக்கு அந்தக் கோட்டைப் போட்டது நான். அது எதைக் கொண்டுபோகும் என்று தெரிந்தேதான் போட்டேன். அது கொண்டுபோனபோது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன் புத்தியால் பிழைத்து ரோட்டுக்கு ஏறியிருந்தாள். எங்கள் எச்சரிக்கை அவளைத் திரும்பக் கூப்பிட்டுக் கொன்றது. அவளைத் தடுக்க எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் நான் கேசரி வைத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். வேலை போகட்டும், போலீஸ் வரட்டும். கலைமதியிடமும் நானே போய்ச் சொல்லச் சொன்னால் சொல்கிறேன்.

தெருமுனையில் கேட்பது பாஸ்கல் வண்டிதான். சீக்கிரமே வந்துவிட்டார். ஒரே ஒரு வேண்டுதல் இருக்கிறது, மேடம். அவரிடம் மட்டும், செந்தமிழ் கணக்கில் எங்கேயோ தவறிவிட்டாள் என்று சொல்லுங்கள், போதும். தெரிந்தே செய்தேன் என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார். தை பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இதை அவருக்காகத்தான் கேட்கிறேன். எனக்கென்று நான் என்றைக்கும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.